ராக்கெட்டும் மீன்குழம்பும்

கேள்வி: ராக்கெட் விட்டால் சோறு கிடைக்குமா? அந்தப் பணத்தை ஏழைகளுக்குச் செலவு செய்யலாமே?
– வாசகர் ஒருவர், தூத்துக்குடி

பதில்: சோற்றுக்கு மீன்குழம்பு கிடைக்கிறதே! இஸ்ரோவின் ஓஷன்சாட் செயற்கைக்கோள் கடல்நீரின் நிறத்தைக் கவனிக்கிறது. பச்சையம் கூடுதலாகத் தெரிந்தால் அங்கே நுண்பாசி இருக்கிறது என்று பொருள். பாசி இருக்கும் இடத்தைத் தேடி மீன் வரும். நீரின் வெப்பநிலையையும் சேர்த்துப் பார்த்து, ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டரில், எவ்வளவு ஆழமுள்ள கடலில் மீன் கிடைக்கலாம் என்று தமிழிலேயே தகவல் தருகிறது. இதன் அருமை படகுக்கு டீசல் போடுகிறவருக்குத்தான் தெரியும்.

உயிர்க்கணக்கையும் பாருங்கள். 1999 ஒடிசா பெரும்புயலில் இறந்தவர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர். 2013இல் அதே கரையைத் தாக்கிய பைலின் புயலில் பலியானவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. முகாம் கட்டி மக்களை அப்புறப்படுத்திய மாநில அரசுக்கும், துல்லியமாகக் கணித்த வானிலைத் துறைக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு. ஆனால் நடுக்கடலில் புயல் உருவாவதிலிருந்து விடாமல் பின்தொடர்ந்தவை கல்பனா, இன்சாட் செயற்கைக்கோள்கள்தான். காப்பாற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் நீங்கள் சொல்லும் அதே ஏழைகள்.

2017இல் ஒக்கி புயல் வந்தபோது குமரி மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. செல்போன் டவர் ஆழ்கடல்வரை எட்டாது. இப்போது செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் கருவிகள் வந்துவிட்டன. உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஆழ்கடலுக்குப் போகிறவர் இருந்தால், படகில் அந்தக் கருவி இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள்.