வளவு வீட்டுல வச்ச கடை

தீவாளிக்கு முந்துன வாரம் உன் கடலைமிட்டாய் வெப்சைட் மல்லாக்கப் படுத்துக்கிட்டுன்னு கேள்விப்பட்டேன் மாப்ளே. ரொம்ப சந்தோசம். மொகத்த அப்படி வச்சுக்கிடாத, நெசமாத்தான் சொல்லுதேன். ஆளே வராத சைட்டு படுக்காது. நம்ம தெருவுல பாதிப்பேரு ஆளுக்கொரு வெப்சைட் போட்டு வச்சிருக்கான். வருசம் பூரா ஒரு நோக்காடு கிடையாது. வந்து பாக்க ஆள் இருந்தால்லா நோக்காடு வரும்? உனக்கு ஆள் வந்திருக்கு. 2020-ல கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு குடுத்தாலும் குடுத்தான், ஊர்ப்பேரச் சொல்லித் தேடி வாற யாவாரம் உன் தலையில விழுந்துட்டு. அத வாங்கி வைக்கத்தான் எடம் காணல.

மாசம் நூத்திச் சொச்ச ரூவாய்க்கு நீ ஒரு ராசா வாழ்க்க வாழ்ந்துட்ட, அதையும் சொல்லணும். மூணு வருசத்துக்கு மொத்தமாக் கட்டுனாக் கழிவு உண்டுன்னான், கட்டுன. ‘அன்லிமிடெட்’னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான், நம்புன. அந்த எழுத்துக்குப் பக்கத்துல பொடிசா ஒரு நட்சத்திரம் நின்னுச்சே, அதப் பாத்தியா? எங்க பாத்த! கீழ போய்ப் படிச்சா, டிஸ்க் எடம் மட்டுந்தான் அன்லிமிடெட். சிபியூவுக்கு அளவு, மெமரிக்கு அளவு, ஒரே நேரத்துல ஓடுத பிராசஸுக்கு அளவு, மொத்தம் எத்தன ஃபைல் வச்சுக்கிடலாங்கிறதுக்கும் அளவு. கடைசிச் சங்கதிக்கு இனோடுன்னு பேரு. எடம் எம்புட்டு வேணா எடுத்துக்கோ, ஃபைல மட்டும் எண்ணி வையிங்கான். இப்படிச் சிரிக்காமச் சொல்ல ஒரு திறமை வேணும்லா.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. பேத்தி பெங்களூர்ல இந்த வேலதான் பாக்கா. கொரோனா சமயத்துல நம்ம திண்ணையிலதான் அவளுக்கு ஆபீசு. காப்பி கொண்டுபோற சாக்குல நின்னு கேட்டதுதான் அம்புட்டும். காப்பி கொஞ்சம் அதிகமாத்தான் குடிச்சா, பாவம்.

ஷேர்டு ஹோஸ்டிங்னா என்னங்கியா? உங்க ஆச்சி குடியிருந்தாளே வளவு வீடு, அதான். தெருவுக்கு ஒரே வாசல், உள்ள ஒரே கிணறு, ரெண்டு பக்கமும் வரிசையா குடித்தனம். ஒரு மிஷின்ல நூத்துக்கணக்கான சைட்ட ஒரே ஐபி அட்ரஸ்ல குடிவச்சிருக்கான். 1997-ல எச்டிடிபி 1.1 வந்து, வாற பிரவுசர் எல்லாம் ‘நான் இன்ன சைட்டுக்கு வந்தவன்’னு பேரச் சொல்லியே ஆகணும்னு விதியாச்சு. பேரச் சொன்னா வாசல்ல நிக்கவன் சரியான வீட்டக் காட்டலாம். அந்தால வளவு யாவாரம் அமோகமாப் போச்சு. ஆனா ஒரு வீட்டுல கல்யாணம்னா மத்தவனுக்குக் குளிக்கத் தண்ணி கிடையாது. அந்தச் சண்டைய ஒழிக்கத்தான் 2010-ல கிளவுட்லினக்ஸ்னு ஒண்ணு வந்துச்சு. வீட்டுக்கு வீடு பங்கு பிரிச்சு விட்டுட்டான். பக்கத்து வீட்டுக்காரன் உன் தண்ணியக் குடிக்க முடியாது. நீ உன் பங்குக்கு மேல இறைச்சா உன் வாளிய மட்டும் பிடுங்கி வச்சுக்கிடுவான்.

உன் சைட்டுல ‘508, ரிசோர்ஸ் லிமிட் இஸ் ரீச்டு’ன்னு வந்துச்சே, அது அந்த வாளி பிடுங்குன சேதி. நீ என்னடான்னா கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு ‘பக்கத்து சைட்டுக்காரனாலதான் என் கடை படுத்துட்டு’ன்னு மல்லுக்கு நின்னியாம். பக்கத்து சைட்டுக்காரன் யாரு தெரியுமா உனக்கு? எவனோ ஒருத்தன், மகன் பேருல ஜாதக சைட்டு போட்டு மறந்தே போயிருப்பான். அவன் மேல பழி.

கணக்கு கேளு. பல திட்டத்துல ‘என்ட்ரி பிராசஸ்’ 20-ன்னு இருக்கும். ஒரே சமயத்துல இருவது பேருதான் கடைக்குள்ள வரலாம்னு நெனச்சுப் பதறாத. அந்த நொடியில பிஎச்பி பக்கத்தச் சமைச்சுக்கிட்டிருக்க வேலை இருவதுக்கு மேல போகக்கூடாது, அம்புட்டுதான். உன் பக்கம் ஒரு நொடியில தயாராச்சுன்னா நொடிக்கு 20 பேருக்குப் பரிமாறலாம். அரை நொடியில ஆச்சுன்னா 40 பேரு. அஞ்சு நொடி எடுத்துச்சுன்னா? நொடிக்கு நாலே பேரு. அதே பங்கு, அதே துட்டு. உன் சைட்டு எத்தன நொடி எடுத்துச்சு? சொல்ல வேண்டாம், நான் போன்ல திறந்து வச்சுட்டு வெத்தல போட்டுத் துப்பிட்டு வந்து பாத்தேன், இன்னும் சுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு.

அதனால வீடு மாத்துறதுக்கு முந்தி கொஞ்சம் வீட்டுக்குள்ள பாரு. உன் வேர்டுபிரஸ்ல பிளக்கின் எத்தன போட்டிருக்க? முப்பத்தெட்டா! அதுல பனி விழுற பிளக்கின் ஒண்ணு. கோவில்பட்டி கரிசல்ல எந்த வருசம்லே பனி விழுந்துச்சு? உன் மச்சான் போட்டோ எடுத்து ஏத்துனானே, மிட்டாய்ப் படம், ஒவ்வொண்ணும் நாலு எம்பி. கடலப் பருப்புல இருக்க தோலு வரைக்கும் எண்ணலாம், ஆனா படம் வந்து சேர்றதுக்குள்ள வாங்க வந்தவன் வேற கடையில வாங்கித் தின்னே முடிச்சிருப்பான். படத்தச் சுருக்கி வெப்பி ஃபார்மேட்டுக்கு மாத்து. இருக்க படமெல்லாம் சுருங்கட்டும், உன் மச்சான் மட்டும் கோவிச்சுக்கிடுவான்.

பிறவு சைட்டுக்கு யாரு யாரு வந்தான்னு எழுதி வைக்க ஆக்சஸ் லாகத் திற. ஹோஸ்டிங்காரன் குடுத்த சிபேனல்ங்கிற திரையிலயே இருக்கு, யாரும் ஒளிச்சு வைக்கல. வந்த கூட்டம் அம்புட்டும் மிட்டாய் வாங்க வந்ததுன்னு மாரத் தட்டுனியே, அதுல பாதி, டபிள்யூபி-லாகின் கதவத் தட்டிப் பாஸ்வேர்டு கிடைக்குமான்னு பாக்க எந்திரக் களவாணி. எக்ஸ்எம்எல்-ஆர்பிசி வாசல் வழியா வாறவன் தனி. இப்போ புதுசா ஏஐக்காரனுக அனுப்புத பாட் வேற, உன் மிட்டாய் விலைய ராத்திரி பகலாப் படிச்சுக்கிட்டுப் போகுது. ஒண்ணுகூட அரைக்கிலோ வாங்காது. இதுகள கிளவுட்ஃபிளேர் மாதிரி ஒண்ண முன்னால நிறுத்தி வாசல்லயே திருப்பி விடலாம், ஓசித் திட்டத்துலயே. இன்னொரு கூத்து: வேர்டுபிரஸ்ல நேரம் வச்சுச் செய்யுற வேலையெல்லாம் தானா முழிக்காது. யாராவது பக்கத்தத் திறந்தாத்தான் ‘மணி ஆயிட்டா?’ன்னு பாக்கும். கூட்டம் நெரியுத நேரத்துலதான் அதுவும் எந்திரிச்சு வரும். அத அணைச்சுப் போட்டுட்டு சிபேனல்ல கிரான் ஜாபா வையி.

‘கேஷ் பிளக்கின் போட்டா எல்லாம் சரியாயிரும்’னு உனக்கு ஒருத்தன் சொன்னானாம்லா. அவன் கவிதை எழுதி சைட்டு நடத்துதவன், அவனுக்குச் சரியாகும். ஒரு கவிதைய ஒருக்காச் சமைச்சு வச்சா லச்சம் பேருக்கு அதே பக்கத்த நீட்டலாம், பிஎச்பி எந்திரிக்கவே வேண்டாம். நீ கடை நடத்துத. முகப்புப் பக்கம், மிட்டாய்ப் பக்கம் வரைக்கும் கேஷ்ல வைக்கலாம். கூடை, பில் போடுற பக்கம், ‘என் கணக்கு’ இதுகள வைக்கவே கூடாது. வச்சா விருதுநகர்க்காரன் கூடைய சாத்தூர்க்காரனுக்குக் காட்டும். ஒருத்தன் கூடையில ஒரு பாக்கெட்டப் போட்ட நிமிசத்துல இருந்து அவன் தொடுத பக்கம் பெரும்பாலும் புதுசாச் சமைச்சாகணும், டேட்டாபேஸக் கேட்டாகணும். பல தீம்ல, வேர்டுபிரஸ்ல கடை நடத்துத வூகாமர்ஸ் கூடை எண்ணிக்கையப் புதுப்பிக்கன்னு பக்கத்துக்குப் பக்கம் தனியா வேற ஒரு அழைப்பு போடுது. அதனாலதான் செய்தி படிக்க பத்தாயிரம் பேரு வந்தும் ஆடாத எடத்துல, மிட்டாய் வாங்க நூறு பேரு ஒண்ணா வந்ததும் உன் கடை கவுந்துட்டு. யாவாரம் நடக்கிற சைட்டு வளவ விட்டுச் சீக்கிரமே வெளிய வந்தாகணும். இதுல ரோசப்பட ஒண்ணுமில்ல.

எப்போ வரணும்? பனி பிளக்கினக் கழத்தி, படத்தச் சுருக்கி, களவாணிய விரட்டி, அம்புட்டும் பண்ணுன பிறவும் ‘ரிசோர்ஸ் யூசேஜ்’ படத்துல சாதாரண செவ்வாக்கிழமை மத்தியானம் கோடு உச்சியத் தொட்டுச்சுன்னா கிளம்பு. தீவாளிக்கு மட்டும் தொட்டா அது வேற கதை. ஒரு நாள் விருந்தாளிக்காக வருசம் பூரா பெரிய வீட்டுக்கு வாடகை குடுக்கணுமான்னு யோசி. கிளவுட் விபிஎஸ்னா வளவுக்கு வெளிய உனக்குன்னு தனி வீடு. அதுல அந்த மாசத்துக்கு மட்டும் சிபியூவையும் மெமரியையும் ஏத்திட்டுப் பிறவு எறக்கிக்கிடலாம். டிஸ்க்க மட்டும் ஏத்திராத, பல எடத்துல அத ஏத்துனா எறக்க விடமாட்டான்.

எங்கன வைக்கணும்னு கேட்டா, வாங்குதவன் இருக்க பக்கம் வையி. உன் சைட்டு இப்போ அமெரிக்காவுல இருக்கு, தெரியுமா? கமுதிக்காரன் அரைக்கிலோ மிட்டாயக் கூடையில போட சேதி கடல் தாண்டிப் போயிட்டு வருது. ஒரு போய்வரத்துக்கு 200 மில்லிசெகண்டுக்கு மேல. பாதுகாப்புப் பேச்செல்லாம் முடிஞ்சு மொத எழுத்து வந்து சேர மூணு நடையாவது நடக்கணும். அமேசான்காரன் 2016-லயே மும்பையில எடம் போட்டான், 2022-ல ஐதராபாத்துலயும் போட்டுட்டான். டிஜிட்டல்ஓஷன் 2016-ல இருந்து பெங்களூர்ல இருக்கான். நம்ம நாட்டுலயே இம்புட்டு இருக்கு, நீ மட்டும் பாஸ்போர்ட் இல்லாம அமெரிக்காவுல கடை வச்சிருக்க.

சரி, விபிஎஸ் வாங்கிட்ட. மீசைய முறுக்காத, இனிமேதான் இருக்கு. வெறும் மிஷினக் குடுத்துட்டு அவன் போயிருவான். ஃபயர்வால் நீ போடணும், அப்டேட் நீ பாக்கணும், பாஸ்வேர்டு வழி உள்ள வாறத அடைச்சு எஸ்எஸ்எச் சாவி நீ வைக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்குப் படுத்துச்சுன்னா போன்ல வைய ஒரு ஆளு கிடையாது, உன்னைய நீயே வஞ்சுக்கிட வேண்டியதுதான். பாதிப்பேரு எங்கன விழுவான்னு பேத்தி சொல்லுவா: 2 ஜிபி மெமரி மிஷின எடுத்துட்டு, பிஎச்பி பிராசஸ் 50 ஓடலாம்னு தாராளமா எழுதி வைப்பானாம். ஒண்ணு 80 எம்பி தின்னா அம்பதுக்கு 4 ஜிபி. மெமரி தீந்ததும் லினக்ஸு யாரு அதிகமாத் திங்கான்னு பாத்துக் கொல்லும். பெரும்பாலும் சாவது டேட்டாபேஸ ஓட்டுத மைஎஸ்கியூஎல்தான். அந்தால ‘டேட்டாபேஸ் கனெக்சன்’ எரர்னு திரையில வரும், நம்மாளு டேட்டாபேஸக் குத்தம் சொல்லுவான்.

என் கட்சி என்னன்னா, நீ பாகு பதம் பாக்கவன், உனக்கு எதுக்கு இந்தப் பாடு? கூடக் கொஞ்சம் துட்டுக் குடுத்து மேனேஜ்டு விபிஎஸ் எடு. அப்டேட்ட அவன் பாப்பான், வையவும் ஆள் இருக்கும். ‘அதுக்கு மாசம் ஆயிரக்கணக்குல ஆகுமே மாமா’ன்னு இழுக்காத. தீவாளிக்கு முந்துன வாரம் கடை படுத்துக் கிடந்ததுல எத்தன ஆர்டர் போச்சுன்னு ஒரு நோட்டுலயாவது எழுதுனியா? போன துட்டுக்கு நோட்டு போடுத பழக்கம் நம்ம வம்சத்துலயே கிடையாது.

பேக்கப்ப மட்டும் எவனையும் நம்பி விட்டுராத. 2021 மார்ச் 10-ந் தேதி பிரான்சுல ஸ்ட்ராஸ்பர்க்ல ஓவிஎச்காரனோட டேட்டா சென்டர் ஒண்ணு எரிஞ்சே போச்சு. பேக்கப்ப வேற ஊர்ல வச்சிருந்தவன் எந்திரிச்சுட்டான். அதே வளாகத்துல வச்சிருந்த பலபேருக்குச் சாம்பல்தான். உன் பேக்கப் எங்க இருக்கு? ‘அதே சர்வர்ல பேக்கப்னு ஒரு ஃபோல்டர்ல இருக்கு மாமா.’ நல்லாருக்கு. வேற கம்பெனியில, வேற ஊர்ல வையி. வச்சுட்டு ஒருக்கா எடுத்து விரிச்சும் பாரு. திறக்காத பேக்கப்ப வச்சுக்கிட்டுத் தைரியமா இருந்தவன்தான் பெறவு ரொம்ப அழுவான்.

மாறுத நாளு? தீவாளிக்கு முந்துன வாரம்னு மட்டும் சொல்லிராத. முடிஞ்சு கூட்டம் அடங்கட்டும். ரெண்டு நாளைக்கு முந்தியே டிஎன்எஸ்ல, பழைய விலாசத்த எம்புட்டு நேரம் நெனப்புல வைக்கணும்னு சொல்லுத டிடிஎல்ல 300 நொடிக்கு எறக்கி வையி. இல்லேன்னா பாதிப்பேரு புதுக் கடைக்கும் பாதிப்பேரு பழைய கடைக்கும் மணிக்கணக்காப் போய்க்கிட்டிருப்பான். பழசுல விழுந்த ஆர்டர் புதுசுக்குத் தெரியாது. அதனால மாத்துத நேரத்துல பழைய கடையில ‘செத்த நேரத்துல வாரோம்’னு பலகை மாட்டு. உன் ஈமெயிலும் அதே ஹோஸ்டிங்லதான இருந்துச்சு? மெயில் எங்க போகணும்னு சொல்லுத எம்எக்ஸ் ரெக்கார்ட மறந்தியோ, மறுநாள் ‘என்ன மாமா ஒரு மெயிலும் வரல, நிம்மதியா இருக்கு’ம்ப. பல கிளவுட்ல 25-ம் நம்பர் போர்ட்ட அடைச்சே வச்சிருப்பான், ஆர்டர் மெயில் வெளிய போவாது. அதுக்குன்னு இருக்க மெயில் சர்வீஸ் ஒண்ணப் பிடிச்சுக்கோ. பேமெண்ட் கேட்வேக்காரன்கிட்ட பழைய ஐபியக் குடுத்து வச்சிருந்தா புதுசயும் குடு, இல்லேன்னா துட்டு வாறதும் நின்னுரும்.

எல்லாம் ஓடுதுன்னதும் பழையத அன்னைக்கே காலி பண்ணிராத. ரெண்டு வாரம் சும்மா கிடக்கட்டும், விட்டுப்போன ஃபைல் ஒண்ணு ரெண்டு அங்கனதான் சிக்கும். பிறவு அக்கவுண்டுக்குள்ள போய் ஆட்டோ ரினியூவலத் தேடி அணை. அந்தப் பொத்தான எந்த மூலையில வச்சிருக்கான்னு கண்டுபிடிக்கவே உனக்கு ஒரு பொழுது போகும். முத மூணு வருசத்துக்குப் போட்ட அந்தக் கழிவு வெல, ரினியூவலுக்கும் உண்டுன்னு நெனச்சியா? கிரெடிட் கார்டு நம்பரு அவங்கிட்டதான் இருக்கு மாப்ளே.