அறுநூறு கிலோ அழுத்தத்தில் ஒரு கனெக்டர்

கேள்வி: ஆழ்கடல் கேமராவின் கோஆக்ஸியல் கேபிளுக்கு 'வாட்டர்புரூஃப்' என்று அச்சிட்ட கனெக்டர் போதாதா?

பதில்: மழைக்குப் போதும், கடலுக்குப் போதாது! ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. நம் நாட்டின் 'மத்ஸ்யா 6000' ஆழ்கடல் நீர்மூழ்கி இறங்க வேண்டிய 6,000 மீட்டர் ஆழத்தில், விரல் நகமளவு இடத்தின் மேல் ஏறக்குறைய 600 கிலோ உட்கார்ந்திருக்கும்.

ஆகவே முதலில் ஆழ வரம்பைக் கேளுங்கள். இணைத்த நிலைக்கு மட்டும் சொல்லியிருந்தால் வாங்காதீர்கள். கேபிள் பிடுங்கிக்கொண்டால் திறந்து நிற்கும் முகமும் அதே அழுத்தத்தைத் தாங்க வேண்டும். இல்லையென்றால் போவது கேபிள் மட்டுமல்ல, கேமராவும்தான்.

அடுத்தது மின்மறுப்பு. 75 ஓம் வீடியோ கேபிளில் 50 ஓம் கனெக்டரைப் போட்டால், சிக்னலில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும்.

மூன்றாவது உலோகம். ஓ-ரிங் ஒட்டும் இடுக்கில் துருப்பிடிக்காத எஃகையும் உப்புநீர் அரிக்கும், டைட்டானியம் தாக்குப்பிடிக்கும். ஆனால் அதை அலுமினியக் கூட்டில் நேரடியாகப் பொருத்தாதீர்கள், கூடுதான் கரையும். இடையில் மின்கடத்தாப் பொருள் வேண்டும்.

தண்ணீருக்கு அடியிலேயே கழற்றி மாட்டுவதானால் அதற்கென்றே செய்த வகையை வாங்குங்கள். மற்றவற்றைக் கரையில் உலர்த்தி, ஓ-ரிங்கில் ஒரு தலைமுடிகூட இல்லையென்று பார்த்து, சிலிக்கோன் கிரீஸை மெல்லிசாகத் தடவி மூடுங்கள்.

கடைசியாக, அழுத்தக் கலனில் வைத்துச் சோதிக்கும்போது சிக்னலையும் ஓடவிடுங்கள். தண்ணீர் புகவில்லை என்பது பாதித் தேர்ச்சிதான். படம் தெளிவாக வந்தால்தான் முழுத் தேர்ச்சி.