கையெழுத்து கோவில்பட்டியில், கைவேலை கழுகுமலையில்

எங்கள் தெரு எலக்ட்ரீசியன் அண்ணாச்சிக்கு லைசன்ஸ் கிடையாது. சாட்சிகள் உண்டு. கழுகுமலையில் பல வீடுகளில் அவர் இழுத்த வயரில்தான் கரண்டு ஓடுகிறது. "அவரு வயரிங் பாத்த வீட்ல இதுவரைக்கும் ஒரு உசுரு போகலையே" என்பதுதான் ஊர் அவருக்குக் கொடுத்திருக்கும் சான்றிதழ்.

புது மீட்டருக்கு எழுதிப் போடும்போது அது செல்லாது. வயரிங்கை முடித்துச் சோதித்தாயிற்று என்று லைசன்ஸ் உள்ள கான்ட்ராக்டர் கையெழுத்திட வேண்டும். வயரிங் வேலையை லைசன்ஸ் உள்ளவரே பார்க்க வேண்டும் என்பது 1956ஆம் வருட இந்திய மின்சார விதிகளில் 45ஆவது விதி. அந்தப் புத்தகம் போய் வேறு புத்தகம் வந்துவிட்டது, கையெழுத்து மட்டும் போகவில்லை.

"அதுக்குக் கோவில்பட்டில ஆள் இருக்கு தம்பி."

"அவர் வந்து வீட்டைப் பார்க்க வேண்டாமா அண்ணாச்சி?"

"அவரு ஒங்க வீட்டப் பாத்ததில்ல. நீங்களும் அவரப் பாக்கப் போறதில்ல. கணக்கு நேராப் போச்சுல்லா?"

நீங்களே லைசன்ஸ் எடுத்தால் என்ன என்று கேட்டேன். மின்கம்பியாள் உதவியாளர் தேர்வு எழுத 21 வயது முடிந்திருக்க வேண்டும். வயரிங்கில் 5 வருட அனுபவமும் வேண்டும். வயது அண்ணாச்சிக்குத் தாராளமாக முடிந்துவிட்டது. அனுபவம் அதைவிடத் தாராளம், ஆனால் காகிதத்தில் ஒரு நாள்கூட இல்லை. அதற்கு மேல் படிகள் வேறு: உதவியாளருக்கு 'எச்', வயர்மேனுக்கு 'பி', சூப்பர்வைசருக்கு 'சி'. கிண்டியில் இருக்கும் மின் உரிம வாரியத்தில் ஏபிசிடி இந்த வரிசையில்தான் போகிறது.

சட்டத்தை நான் முழுக்கக் கேலி செய்ய மாட்டேன். கரண்டுக்கு முகதாட்சண்யம் கிடையாது. சித்திரையில் கரிசல் வாய் பிளந்தால் சுவரும் சேர்ந்து வெடிக்கும் என்று தெரிந்து, மூலைக்கு மூலை வயரைக் கொஞ்சம் தளர்வாக விட்டு இழுக்கும் அண்ணாச்சி, கசிவைக் கண்டதும் கரண்டை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றார். "அது சும்மா சும்மா விழும் தம்பி. வீட்ல பொம்பளையாளுக என்னையத்தான் ஏசுவாக." கசிந்தால் விழத்தானே அதை வைப்பது! சண்டை போட்டு மாட்ட வைத்தேன்.

மலையில் வெட்டுவான் கோயிலைப் பாருங்கள். 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. ஒரே பாறையை உச்சியிலிருந்து குடைந்து இறங்கி, அடிப்பகுதியை முடிக்காமலே விட்டுவிட்டார்கள். பணி முடிந்தது என்று எவரும் கையெழுத்திட முடியாது. இன்றைய விதிப்படி ஒரு பல்புக்குக்கூட இணைப்புக் கிடைக்காது. பக்கத்துச் சமணச் சிற்பங்களின் கீழே வட்டெழுத்தில் பெயர்கள் இருக்கின்றனவே என்று சந்தோஷப்பட்டால், அவை பெரும்பாலும் செலவு செய்து செதுக்க வைத்தவர்களின் பெயர்கள். உளி பிடித்தவனுக்கு அனுபவச் சான்று எழுதித் தர அன்றைக்கும் ஆளில்லை.

கோவில்பட்டிக் கையெழுத்து வந்தது. மீட்டர் மாட்ட வந்தவர் தாளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"வயரிங் யாரு சார்?"

தாளில் இருந்த பெயரைச் சொன்னேன்.

"சும்மா சொல்லுங்க சார், நம்ம அண்ணாச்சிதான? சுவிட்சு போர்டை இம்புட்டு ஒசரத்துல வேற யாரு வைப்பா? எங்க வீட்லயும் ஒரு வேலை கெடக்கு. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க."