கைடுக்கும் ஒரு கெடு

பெறுநர்: பல்கலைக்கழக மானியக் குழு, பகதூர் ஷா ஜாஃபர் மார்க், புது தில்லி.



முனைவர் பட்டத்துக்காகத் தாங்கள் 2022 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகளைப் படித்தால் பிரமிப்புதான் வருகிறது. ஓர் ஆய்வு மாணவரை எத்தனை வகையில் அளக்கலாமோ அத்தனை வகையிலும் அளந்திருக்கிறீர்கள். குறைந்தது மூன்று ஆண்டு, மிஞ்சினால் ஆறு, மறுபதிவு செய்தால் எட்டு. செமஸ்டருக்கு ஒருமுறை ஆலோசனைக் குழுவின் முன் நின்று, என்ன செய்து கிழித்தோம் என்று சொல்ல வேண்டும். ஆய்வேட்டில் அடுத்தவர் வாசகம் பத்து சதவீதத்தைத் தாண்டினால் என்ன தண்டனை என்பதற்குத் தனியாக 2018 விதிகள் இருக்கின்றன. 2024 முதல் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணை வைத்தே சேரலாம் என்றீர்கள். மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30. ஆனால் உதவித்தொகை இல்லாமல் ஆய்வுக்கு மட்டும் தகுதி பெற்றவருக்கு அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். மாத்திரை அட்டை மாதிரி காலாவதித் தேதி போட்டே கையில் கொடுக்கிறீர்கள். (2024 ஜூன் 18 அன்று நடந்த நெட் மறுநாளே ரத்தானது. அதில் வீணான மாதங்களை யார் கணக்கில் எழுதுவது என்பதற்கு மட்டும் விதி இல்லை.)

இனி ஆய்வு வழிகாட்டியான கைடு. அவரைப் பற்றியும் தாங்கள் எழுதாமல் விடவில்லை. பேராசிரியர் என்றால் எட்டுப் பேர், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு. ஓய்வு பெற மூன்றாண்டுக்கும் குறைவாக இருந்தால் புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது. இத்தனை கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்றும் உண்டு. அதாவது, யார் கைடாகலாம், எத்தனை பேரை வைத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறது. கைடான பிறகு எதை எத்தனை நாளில் செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு வரி இல்லை. கொடுத்த இயலை எப்போது படித்துத் தர வேண்டும்? ஆய்வுச் சுருக்கமான சினாப்சிஸ் எத்தனை வாரம் மேஜையில் கிடக்கலாம்? விதிகள் வாய் திறப்பதில்லை. தங்களுக்குக் கெடு வைக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. சமர்ப்பித்த ஆய்வேட்டை ஆறு மாதத்துக்குள் மதிப்பிட்டு முடிக்கச் சொன்னதும் தாங்கள்தான். சமர்ப்பிக்கும் முன் கைடிடம் அது ஊறிய காலம்தான் எந்தக் கணக்கிலும் வராது. மாணவரின் ஆறு ஆண்டில் மட்டும் அது தவறாமல் கழிந்துவிடும்.

சேருவதற்கு முன்பே இந்த விசித்திரம் தொடங்கிவிடுகிறது. தேர்வான மாணவருக்குக் கைடை ஒதுக்குவது நிறுவனத்தின் வேலை, நேர்காணலில் மாணவர் சொன்ன ஆர்வத்தையும் பார்த்து ஒதுக்க வேண்டும் என்று தங்கள் 2016 விதிகள் அழகாகச் சொல்லின. நடப்பு வேறு. பல இடங்களில் விண்ணப்பத்தோடே கைடின் ஒப்புதல் கடிதத்தை இணைத்தாக வேண்டும். ஒரு பக்கத் தாள்: மாணவர் பெயர், உத்தேசத் தலைப்பு, கைடின் அங்கீகார எண், இப்போது அவரிடம் எத்தனை பேர், கீழே கையெழுத்தும் முத்திரையும். அந்த முத்திரைக்காகத் துறை துறையாக ஏறி இறங்கி, “சார், வேகன்சி இருக்குங்களா?” என்று கேட்க வேண்டும். “இப்போதைக்கு இல்லப்பா, அடுத்த செஷன்ல பார்ப்போம்” என்பது பதில். பார்த்துக்கொண்டே இருந்தால் நெட்டின் ஓராண்டு முடிந்துவிடும். ஆக, அகில இந்தியத் தேர்வில் பெற்ற தகுதியை ஒருவரின் ‘பார்ப்போம்’ ரத்து செய்துவிடலாம். அதற்குக் காரணம் எழுதித் தரவேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

குரு சிஷ்ய உறவைக் கடிகாரம் வைத்து அளக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் சிஷ்யனின் மணிக்கட்டில் மட்டும் கடிகாரத்தைக் கட்டியது யார்? பேராசிரியர்களுக்கு வேலைப்பளு, காலிப் பணியிடங்கள் நிரப்பப்படவில்லை, கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்புகளே நாளை விழுங்கிவிடுகின்றன என்பது இன்னொரு பதில். இதை மறுக்க முடியாது. மாணவருக்குத் தாமதமில்லாமல் படித்துத் தருகிற கைடுகள் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பளுவின் விலையை மாணவரின் ஆண்டுகளில் வசூலிப்பது என்ன நியாயம்? ‘குறைதீர்ப்புக்கு 2023 விதிகள் இருக்கின்றன, குறைதீர்ப்பாளரும் இருக்கிறார்’ என்று தாங்கள் சொல்லலாம். ஆனால் புகார் கொடுத்த மறுநாள் விடுப்புக்கும், சினாப்சிஸுக்கும், இது சொந்த ஆய்வுதான் என்ற சான்றிதழுக்கும் அதே கைடின் கையெழுத்துதான் வேண்டும். தண்ணீருக்குள் இருந்துகொண்டு முதலையோடு யார் பகைப்பார்கள்?

எனவே பணிவான விண்ணப்பம் இது. ஒப்புதல் தர மறுத்தால் ஒரு வரியில் காரணம் எழுதச் சொல்லுங்கள். ஓர் இயலைப் படிக்க முப்பது நாள் கெடு வையுங்கள். தாண்டிய நாட்களை மாணவரின் ஆறு ஆண்டில் சேர்க்காதீர்கள். கைடு எத்தனை முறை சந்தித்தார் என்பதை மாணவர் எழுதி, நேராக ஆலோசனைக் குழுவிடம் கொடுக்கட்டும். பாதி வழியில் கைடை மாற்ற வேண்டி வந்தால் பழைய கைடின் தடையில்லாச் சான்று கேட்காதீர்கள். இதற்குப் புதிய நிதி எதுவும் தேவையில்லை. விதிமுறைகளை 2009, 2016, 2022 என்று மூன்று முறை எழுதிய கைகளுக்கு இந்த ஐந்து வரி பாரமாக இருக்காது. அடுத்த திருத்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.