இளவேனில் வரவேற்பில் பூவரசம் பீப்பீயின் இடம்: ஓர் எளிய ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

இளவேனில் என்றைக்கு வருகிறது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒத்த கருத்து ஏற்படவில்லை. வானியலாரைக் கேட்டால், சூரியன் நிலநடுக்கோட்டைக் கடக்கும் மார்ச் 20 அல்லது 21 என்பார்கள். பஞ்சாங்கக்காரர் சித்திரை முதல் தேதி, அதாவது ஏப்ரல் 14 என்பார். இடையில் கிடக்கும் ஏறக்குறைய 24 நாளுக்குப் பூமியின் அச்சு மெல்லத் தலையாட்டுவதுதான் காரணம். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு கணக்கும் ஒரே நாளில்தான் விழுந்தன. அன்று சண்டை இல்லை.

மூன்றாவது தரப்பு மழலையர் பள்ளி. அங்கே இளவேனில் மார்ச் முதல் வாரத்திலேயே, பெரும்பாலும் இரவு ஒன்பது மணிக்கு மேல், வாட்ஸ்அப் வழியாக வந்துவிடுகிறது. நாளைக் காலை பிள்ளைகள் பச்சை உடையில், வீட்டில் செய்த காகித டூலிப் பூவுடன் வர வேண்டும்.

நான்காவது தரப்பு பிள்ளைகள். முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் காலையே இளவேனில் என்பது அவர்கள் துணிபு. இவ்வாய்வு நான்காம் தரப்பையே பின்பற்றுகிறது. இளவேனிலால் நேரடிப் பயன் பெறுகிறவர்கள் அவர்கள் மட்டுமே. மற்றவர்களுக்குக் கிடைப்பது வேர்க்குரு.

ஆய்வின் கருதுகோள் இது: இளவேனிலை வரவேற்கப் பிள்ளைகளுக்கு வேண்டிய எதுவும் கடையில் விற்பதில்லை, கடையில் விற்பது எதுவும் அதற்கு வேண்டியதில்லை.

2. இலக்கியப் பின்புலம்

ஆறு பெரும்பொழுதில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். தொல்காப்பியம் வேனிலையும் நண்பகலையும் பாலைத் திணைக்கு ஒதுக்குகிறது. பாலையின் உரிப்பொருள் பிரிவு. இளவேனில் வந்தும் தலைவன் வரவில்லையே, குயில் கூவியும் தேர் மணி கேட்கவில்லையே என்று தலைவி வருந்துவது சங்கப் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் செய்தி.

தொல்காப்பியரின் இந்தக் கணக்கு இன்றும் பிசகவில்லை. ஆள் மட்டும் மாறியிருக்கிறது. இப்போது பிரிந்து போகிறவர்கள் தலைவியும் மக்களும். அவர்கள் பள்ளி மூடிய அன்றிரவே அம்மா வீட்டுக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். நகரத்தில் தங்கி இரங்க வேண்டியவன் தலைவன். அவன் முதல் மூன்று நாள் இரங்குவதாகத் தெரியவில்லை. நான்காம் நாள், துவைத்த சட்டை தீர்ந்ததும், பாலைத் திணை முறைப்படி தொடங்குகிறது. உரையாசிரியர்கள் இத்துறைக்குப் பெயர் வைக்காமல் விட்டது ஒரு குறையே.

நமக்கு வேண்டியது தலைவன் நிலை அன்று. ஊரில் இறங்கிய பிள்ளைகள் கொல்லைப்புறத்தில் என்ன செய்கிறார்கள் என்பதே ஆய்வுப் பொருள்.

3. ஊதுகருவி

முதற் சான்று பூவரசு. இலை அரச இலையைப் போன்றது, ஆனால் அரசுக்கு உள்ள நீண்ட வால் இதற்கு இல்லை. கருவி செய்யும் முறை வருமாறு. துளிர் இலை ஆகாது, ஊதினால் துவண்டுவிடும். முற்றிய இலையும் ஆகாது, சுருட்டினால் முறியும். நடுவயது இலையாகப் பார்த்துப் பறித்து, காம்பைக் கிள்ளி எறிந்து, ஓர் ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்ட வேண்டும். ஒரு முனையை இரண்டு விரலால் நசுக்கித் தட்டையாக்க வேண்டும். அந்த முனையை உதட்டில் வைத்து ஊத வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் முதல் தடவை சத்தம் வராது. ‘புஸ்’ என்று காற்று மட்டும் வரும். களத்தில் பதிவான உரையாடல்:

“தாத்தா, எனக்கு மட்டும் சத்தமே வர மாட்டேங்குது.”

“கடிக்காதடா. உதட்டால கவ்வு. பல்லு படக் கூடாது.”

அடுத்த ஊதலில் ‘பீ’ என்று ஒன்று கிளம்பும். அதன் பிறகு அது நிற்பதில்லை என்பதே ஆய்வுக்களத்தில் இருந்த பெரியவர்கள் அனைவரின் வாக்குமூலம்.

இதன் இயக்கம் எளிதல்ல. நசுக்கிய முனையில் இலையின் இரண்டு மடிப்பும் ஒன்றையொன்று தொட்டும் விலகியும் அதிர்கின்றன. பின்னால் உள்ள குழல் அந்த அதிர்வை ஒலியாக்கி வெளியே அனுப்புகிறது. சின்னச் சுருளுக்குக் கீச்சுக் குரல், பெரிய சுருளுக்குக் கட்டைக் குரல். நாதஸ்வரத்தின் சீவாளி வேலை செய்வதும் இப்படித்தான். அது கொறுக்கந்தட்டையில் செய்வது, இது பூவரச இலையில் செய்வது, வேறுபாடு அவ்வளவே. வித்வான் மாற்றுச் சீவாளிகளைக் கயிற்றில் கோத்து வாத்தியத்திலேயே தொங்கவிட்டிருப்பார். பையன் மாற்று இலைகளைக் கால்சட்டைப் பையில் வைத்திருப்பான். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூவரசம் பீப்பீக்கு அது கிடைக்கப் போவதில்லை. எந்த ஊர்க்காரன் உரிமை கோரினாலும் மற்ற ஊர்க்காரன் வழக்குப் போடுவான்.

துணைக்கருவியாகத் தென்னை ஓலை ஊதலையும் சொல்ல வேண்டும். ஈர்க்கு நீக்கிய ஓலையைக் கூம்பாகச் சுற்றிக்கொண்டே போய், வாய் அகன்றதும் ஈர்க்கால் குத்தி நிறுத்தினால் அது ஆகிவிடும். வீட்டில் கைக்குழந்தை தூங்கும் நேரம் பார்த்துத்தான் இது செய்து முடியும் என்பது விதி. விதிவிலக்கு இதுவரை காணப்படவில்லை.

4. ஊர்தி

இரண்டாம் சான்று நுங்கு வண்டி. சித்திரை வெயில் ஏற ஏற நுங்கு இறங்கும். காய் ஒன்றுக்குப் பெரும்பாலும் மூன்று கண். வண்டிக்கு நுங்கு வேண்டியதில்லை, அதை எடுத்த கூடுதான் வேண்டும். ஆனால் கூடு காலியாக வேண்டுமானால் யாராவது தின்றாக வேண்டும். மூலப்பொருளைத் தயாரிக்கும் கட்டத்தையே சாப்பாடாக அமைத்த தொழில்நுட்பம் உலகில் அரிது.

ஒரே அளவுக் கூடாக இரண்டு பொறுக்கி, வெட்டுமுகத்தின் நடுவில் ஒரு குச்சியைக் குத்தி இரண்டையும் இணைத்தால் சக்கரமும் அச்சும் ஆயிற்று. நீண்ட கவட்டைக் கம்பு ஒன்றின் கவையை அச்சில் பொருத்தித் தள்ளினால் வண்டி. பிரேக் கிடையாது. வண்டி நிற்க வேண்டுமானால் பையன் நிற்க வேண்டும். அளவு பொருந்தாத கூடுகளைக் கோத்தவனுடைய வண்டி சிறிய சக்கரத்தின் பக்கமாகவே வளைந்து வளைந்து போய், கடைசியில் அடுத்த வீட்டுக் கோலத்தில் ஏறும். வடிவியல் பாடம் இதைவிடச் சுருக்கமாக நடத்தப்பட்டதில்லை. இரண்டு மூன்று நாளில் கூடு வாடிச் சுருங்கிச் சக்கரம் கோணலாகிவிடும். அப்போது புது வண்டி செய்ய வேண்டும், அதாவது மறுபடி நுங்கு தின்ன வேண்டும்.

இதன் தொன்மைக்குச் சான்று உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தில் பெண்கள் உலர்ந்த தானியத்தைக் கொத்த வந்த கோழியின் மேல் காதணியைக் கழற்றி எறிய, அது பிள்ளைகள் ஓட்டிய மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறித்தது என்று பட்டினப்பாலை சொல்கிறது. பிள்ளைத்தமிழிலும் ஆண்பாற் பருவங்களில் கடைசி சிறுதேர். மூன்று சக்கரம் எப்போது இரண்டாகக் குறைந்தது என்பது தனி ஆய்வுக்குரியது. ஆனால் வழியை மறிக்கும் பெரியவர்களின் உடைமை அன்றும் இன்றும் உண்டு. அன்று பொன் காதணி, இன்று குறுக்கே நிறுத்திய ஸ்கூட்டர்.

5. அணிகலனும் காலமும்

தென்னை ஓலையில் கைக்கடிகாரம், மோதிரம், மூக்குக்கண்ணாடி ஆகியவை செய்யப்படுகின்றன. கடிகாரத்துக்கு முள் கிடையாது. ஆகவே அது எப்போதும் விளையாட்டு நேரத்தையே காட்டும். சாப்பிடக் கூப்பிட்டால், “இன்னும் மணி ஆகலை” என்று மணிக்கட்டைத் தூக்கிக் காட்ட இது பயன்படுகிறது.

ஓலைக் காற்றாடியைக் கருவேல முள்ளால் ஒரு குச்சியில் குத்தினால் போதும். ஆனால் சித்திரையில் முற்பகலில் காற்று இருக்காது. கடலோர ஊர்களில்கூட உச்சி சாய்ந்த பிறகே கடல்காற்று எட்டிப்பார்க்கும். அதுவரை பிள்ளையே ஓடிக் காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. மின்வாரியத்தை நம்பாத ஒரே விசிறி இது.

6. நாவும் கண்ணும்

வேப்பமரம் பூக்கும் காலமும் இதுவே. முந்தின நாள் இரவு மரத்தடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்துவிட்டால், விடிகாலையில் அதில் வெள்ளை வெள்ளையாகப் பூ கொட்டிக் கிடக்கும். நாலு வயதுப் பிள்ளைக்குத் தரக்கூடிய முழுப் பொறுப்பு வேலை அதைக் கூட்டி அள்ளுவதுதான். உடைக்க முடியாது, கொட்டினாலும் மறுபடி அள்ளலாம், எறும்பை ஊதித் தள்ளுவது கூடுதல் கேளிக்கை. அந்தப் பூவைக் காயவைத்து, நெய்யில் வறுத்து, வருடப்பிறப்பன்று மாங்காயும் வெல்லமும் போட்ட பச்சடியில் சேர்க்கிறோம். இனிப்பும் புளிப்பும் கசப்பும் வாழ்க்கையில் கலந்தே வரும் என்பது அதன் தத்துவம் என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பிள்ளைகள் வெல்லம் தோய்ந்த மாங்காயை மட்டும் தனியே பிரித்தெடுத்து, வாழ்க்கைக்கு வேறொரு தத்துவத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

நெல்லை, குமரி, கொங்குப் பக்கங்களில் சித்திரைக்கனி உண்டு. முதல் நாள் இரவே தாம்பாளத்தில் முக்கனி, சரக்கொன்றை, நகை, காசு எல்லாம் அடுக்கி, பின்னால் கண்ணாடி வைத்துவிடுவார்கள். காலையில் பிள்ளையின் கண்ணைப் பொத்திக் கூட்டிவந்து, அதன் முன்னால் கையை எடுப்பார்கள். பிள்ளை முதலில் பார்ப்பது பழத்தையா, காசையா, கண்ணாடியில் தெரியும் தன் பரட்டைத் தலையையா என்பது குறித்து மூன்று கொள்கைகள் நிலவுகின்றன. காசு என்னும் கொள்கைக்கே சான்று மிகுதி.

7. குரல்வளப் பயிற்சி

கருவியே இல்லாமல் செய்யும் வரவேற்பும் ஒன்று உண்டு. குயில் கூவினால் பதிலுக்குக் கூவுவது. கூவுவது ஆண், உடம்பெல்லாம் கறுப்பு, கண் மட்டும் சிவப்பு. பிள்ளை பதிலுக்குக் கூவினால் அது தன் எல்லைக்குள் இன்னோர் ஆண் புகுந்துவிட்டது என்று எண்ணிக் குரலை ஏற்றும். பிள்ளையும் ஏற்றும். இரண்டில் எது முதலில் ஓயும் என்பது பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். குயிலுக்குக் காக்கைக் கூட்டருகே வேறு வேலை இருக்கிறது. அதன் பெட்டை முட்டையிடும் இடம் அதுதான். பிள்ளைக்கு ஜூன் வரை வேலை ஒன்றும் இல்லை.

8. எதிர்வாதமும் மறுப்பும்

காகித டூலிப் தரப்பின் வாதத்தையும் நேர்மையோடு பரிசீலிக்க வேண்டும். டூலிப் அழகான பூ. ஸ்ரீநகரில் சபர்வான் மலையடிவாரத்தில் அதற்கென்றே பெரிய தோட்டம் இருக்கிறது. அங்கே அது இளவேனிற் பூதான். ஏனெனில் அதன் கிழங்கு பல வாரம் குளிரில் கிடந்தால்தான் பூக்கும். சென்னையில் அந்தக் குளிர் கிடைக்கும் ஒரே இடம் தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், குளிர்சாதனப் பெட்டிக்குள்.

அடுத்த வினா: அந்தக் காகிதப் பூவைச் செய்தது யார்? கத்தரித்தது அம்மா. ஒட்டியதும் அம்மா. ரோஸ் நிற சார்ட் தாளுக்காக மூடப்போன கடையின் ஷட்டரைப் பிடித்து நிறுத்தியவர் அப்பா. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. காலையில் பரிசு வாங்கியதும் பிள்ளைதான். பூவரசம் பீப்பீயில் இந்த மோசடி நடக்காது. அப்பா சுருட்டி ஊதிப் பார்த்த இலை பிள்ளை வாய்க்குப் போகாது, எச்சில்பட்டதைத் தர மாட்டார்கள். தானே பறித்து, தானே சுருட்டி, தானே ஊதினால்தான் சத்தம்.

பூவும் வேண்டும் என்றால் பூவரசே தரும். காலையில் மஞ்சளாக, நடுவில் செங்கருமைப் பொட்டுடன் விரியும் அந்தப் பூ, வாடும்போது செவ்வூதாவாக மாறிவிடும். ஒரே பூ, இரண்டு நிறம், பசை தேவையில்லை. குப்பையில் கிடப்பதையெல்லாம் பொம்மையாக்கிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்த அரவிந்த் குப்தாவுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கவட்டைக் கம்பும் கையுமாகத் தெருவில் ஓடும் பையனுக்குத் திட்டு கிடைக்கிறது. இரண்டும் ஒரே துறை என்பதை இவ்வாய்வு பதிவு செய்கிறது.

9. முடிவுகளும் பரிந்துரைகளும்

ஆய்வால் பெறப்படுவன: பிள்ளைகளுக்கு இளவேனிலை வரவேற்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, மரத்தடிக்குப் போக விட்டால் போதும். பெரியவர்களின் பங்கு எட்டாத கிளையைத் தாழ்த்திப் பிடிப்பது, வெட்டரிவாளைத் தம் கையில் வைத்துக்கொள்வது, காது வலித்தாலும் அரைமணி நேரம் பொறுப்பது. பள்ளிகள் டூலிப்பைக் காஷ்மீருக்கு விட்டுவிட்டு, ஆளுக்கொரு பூவரச இலை கொண்டுவரச் சொல்லலாம். ஆசிரியர்களுக்கு அன்று பஞ்சு வழங்குவது நிர்வாகத்தின் கடமை.

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் இந்த வரவேற்புக்கு வேண்டிய மூலப்பொருள் வேகமாகக் குறைந்துவருகிறது. பனை நம் மாநில மரம். விதைத்தால் காய்க்கப் பத்தாண்டுக்கு மேல் ஆகும், ஆகவே இன்று விதைப்பவரின் பேரன்தான் வண்டி ஓட்டுவான். பூவரசுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. விதை தேட வேண்டாம், நாற்றங்கால் வேண்டாம். கைப்பருமன் உள்ள ஒரு போத்தை வெட்டி, மழை தொடங்கும் நேரத்தில் ஈரமண்ணில் ஊன்றினால் தழைத்துவிடும். உங்கள் வீட்டு வாசலில், அல்லது அந்தப் பள்ளியின் வாசலிலேயே, ஒரு போத்து ஊன்றுங்கள்.