ஸ்வெட்டரில் ஏறிய ருத்ராட்சம்

காஞ்சிபுரத்தில் குளிர்காலம் என்பது மார்கழியில் விடிகாலை நாலு மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடிந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில், சித்திரை வெயிலில், மடியில் கம்பளி நூலோடு திண்ணையில் உட்கார்ந்தால் தெரு சும்மா இருக்குமா? எதிர்வீட்டுப் பெரியம்மா கேட்டேவிட்டார்: "ஏண்டி, காய்ச்சலா?"

பேரன் டொராண்டோவில் இருக்கிறான். அவனுக்குத்தான் ஸ்வெட்டர். ஒரே வரிசையில் இரண்டு நிற நூலை மாற்றி மாற்றிப் பின்னி, வேலையில்லாத நிறத்தை உள்பக்கம் ஓடவிடும் ஃபேர் ஐல் வேலைப்பாடு. ஸ்காட்லாந்தின் வடபகுதியில், நூறு பேர்கூடக் குடியிருக்காத ஒரு தீவின் பெயர் அது. 1922-இல் பிரிட்டிஷ் இளவரசர் எட்வர்டு அந்த ஸ்வெட்டரோடு கோல்ஃப் ஆடப்போக, அது பெரிய நாகரிகமாகிவிட்டது. அதே ஆண்டு ஜனவரியில் அவர் சென்னைக்கும் வந்தார். நம்மவர்கள் கடையடைத்து வரவேற்றார்கள். ஆகவே பட்டுப்புடவைக் கரை எதையும் பார்த்திருக்க மாட்டார், பாவம்.

மாதிரிப் புத்தகத்தைத் திறந்தால் பனிப்பூ, கலைமான், மறுபடி பனிப்பூ. எனக்கும் கலைமானுக்கும் பழக்கமில்லை. எங்கள் ஊரில் பிரசித்தம் வரதராஜப் பெருமாள் கோயில் பல்லிதான். ஆனால் பேரன் மார்பில் பல்லி விழுந்தால் பஞ்சாங்கத்தில் பலன் பார்க்க வேண்டும். இங்கே வந்து தோஷம் கழிக்க விமான டிக்கெட்டும் எடுக்க வேண்டும். வேண்டாம் என்று பீரோவைத் திறந்து பாட்டியின் கூறைப்புடவையை எடுத்தேன்.

பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். ஜக்கார்டு பெட்டிக்கு அட்டை குத்துமுன் டிசைனைக் கட்டத்தாளில்தான் போடுவார்கள். பின்னலுக்கும் அதே கட்டத்தாள்தான்: ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணி.

"அண்ணே, இந்தக் கரையைக் கம்பளியில ஏத்தலாமா?"

"தாராளமா ஏத்தலாம்மா. அதைப் போட்டுக்கிட்டுத் தறியில உக்காரச் சொல்லாத, அவ்வளவுதான்."

கரை உருவங்களில் கம்பளிக்கென்றே பிறந்தது ருத்ராட்சம். சின்னச் சின்ன உருண்டை. நாலு கண்ணிக்குள் நிறம் மாறிவிடும். உள்ளே ஓடும் நூல் நீளமானால்தான் வம்பு. ஐந்தாறு கண்ணியைத் தாண்டினால் நடுவில் ஓரிடத்தில் மாட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை கையை நுழைக்கும்போதெல்லாம் விரல் சிக்கி வீடே அலறும். மல்லிமொக்கும் குயில்கண்ணும் சாது. தாழம்பூ ரேக்குக்குத்தான் கணக்கு வேண்டும். பின்னல் கண்ணி சதுரமில்லை, அகலம் கூட, உயரம் குறைச்சல். தாளில் ராஜகோபுரமாக நிமிர்ந்தது ஸ்வெட்டரில் மண்டபமாக உட்கார்ந்துவிடும். நாலு வரிசை வருமிடத்தில் ஐந்து போட்டால் கூர்மை திரும்பும்.

யாளியைத் தொடாமலிருப்பது நல்லது. கைலாசநாதர் கோயில் தூணில் சீறுகிற யாளி, கம்பளிக்கு வந்ததும் பிஸ்கட் கேட்கிறது. இருதலைப்பட்சிக்கு ஒரு தலை மார்பில், மற்றது அக்குளில்.

"அம்மா, கொஞ்சம் ஜரிகை சேரேன்" என்றாள் மகள், போனில். கம்பளி இழுத்த இழுப்புக்கு வரும், ஜரிகை வராது. தவிர, கனடா வாஷிங் மெஷினுக்கு ஜரிகையின் அருமை தெரியாது. மஞ்சள் நூலே போதும்.

பாட்டி புடவையின் கரையை இப்போது யாரும் நெய்வதில்லை, அதற்கான அட்டையும் தங்களிடம் இல்லை என்றார் அண்ணன். ஊருக்குள் எங்கே திரும்பினாலும் 'பழைய பட்டுப்புடவை வாங்கப்படும்' என்று பலகை தொங்குகிறது. ஜரிகையிலுள்ள வெள்ளிக்காக வாங்கி உருக்குவார்கள். நைந்த புடவையைக் காசாக்குவதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் கொடுக்குமுன் கரையை ஒரு ஜாண் விரித்து, உருவத்தைக் கட்டத்தாளில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நோட்டு எந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடையிலும் கிடைக்கும். பென்சிலால் போடுங்கள், அழிக்க வேண்டி வரும்.