வீட்டுக்குள் புலி

கேள்வி: பத்து வயதுப் பையனுக்கு ரத்தக்கொதிப்பாம். அட்ரினலில் கட்டி என்கிறார்கள். உடனே ஆபரேஷன் செய்யாமல் இரண்டு வாரம் மாத்திரை கொடுப்பானேன்?

பதில்: சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருப்பது அட்ரினல் சுரப்பி. புலியைக் கண்டால் ஓடுவதற்காக உடம்பு சேர்த்து வைத்திருக்கும் சரக்கு அங்கேதான் இருக்கிறது. ஃபியோகுரோமோசைட்டோமா என்ற அபூர்வக் கட்டி வந்தால் புலி இல்லாமலே அந்தச் சரக்கு கொட்டும். ஃபேனுக்கு அடியில் வீட்டுப்பாடம் எழுதுகிற பிள்ளைக்கு முதுகுச் சட்டை நனையும், முகம் வெளுக்கும், தலை வெடிக்கும், நெஞ்சு படபடக்கும். அதைப் பரீட்சை பயம் என்று தள்ளிவிடாதீர்கள். பிள்ளையின் கைக்கு ஏற்ற அளவுப் பட்டையைச் சுற்றி பி.பி. பாருங்கள். பெரியவர்களுக்கான பட்டையைச் சுற்றினால் அளவைக் குறைத்துக் காட்டும். அந்தச் சரக்கு சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரின் அளவை ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கட்டி எங்கே என்பதை ஸ்கேன் சொல்லும்.

இனி உங்கள் கேள்வி. கத்தியோடு போய்த் தொட்டாலே கட்டி இருப்பதையெல்லாம் கொட்டும், பி.பி. எகிறும். அதனால்தான் பிரசோசின் போன்ற ஆல்ஃபா தடுப்பு மாத்திரையை 10 முதல் 14 நாள் கொடுத்து, இறுகிய ரத்தக்குழாய்களைத் தளர்த்துகிறார்கள். கூடவே தண்ணீரும் உப்பும் தாராளமாக! பி.பி.க்காரருக்கு டாக்டரே உப்பு போடச் சொல்வது இங்கேதான். படபடப்புக்கு பீட்டா தடுப்பு மருந்து பிறகுதான். அதை முதலில் கொடுத்தால் ஆபத்து.

அந்த இரண்டு வாரத்தை அவசரப்படுத்தாதீர்கள். பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் பரம்பரை வழி என்பதால் மரபணுப் பரிசோதனை அவசியம். தம்பி தங்கைக்கும் பாருங்கள்.